பூட்டிய பள்ளிக் கதவு: இலண்டன் மாலை விளையாட்டு மையங்களின் வரலாறு

பொதுக்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் காலை மணிக்கும் மாலை மணிக்கும் இடையில் நிகழ்ந்தவற்றையே பெரும்பாலும் எழுதுகின்றனர். காலை மணிக்கு முன் பிள்ளை உண்டதா, மாலை மணிக்குப் பின் அது எங்கே சென்றது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஆயினும் இவ்வினாக்களுக்கு விடை தேடிய முயற்சியில், கிறிஸ்தவத் தொண்டு எதுவரை, அரசின் கடமை எதுமுதல் என்னும் பெரியதொரு வழக்கு அடங்கியுள்ளது. இங்கிலாந்தில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

1. கட்டாயக் கல்வியும் காலியான மாலையும்

1870ஆம் ஆண்டு வில்லியம் ஃபார்ஸ்டர் கொண்டுவந்த தொடக்கக் கல்விச் சட்டம், பொதுப்பணத்தால் நடத்தப்படும் பள்ளிகளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழி வகுத்தது. 1880ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளின் வருகையைக் கட்டாயமாக்கிற்று. 1891இல் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் நீங்கிற்று. இக்காலத்தில் இலண்டனின் ஏழைத் தெருக்களின் நடுவே மாடிகள் பல கொண்ட பள்ளிக்கூடங்கள் எழும்பின. அச்சுற்றுப்புறத்தில் வெளிச்சமும் இடவசதியும் உடைய கட்டடங்கள் அவையே. ஆனால் மாலையில் அவை பூட்டப்பட்டன. பெற்றோர் இருவரும் கூலி வேலையினின்று திரும்பும்வரை, ஓரறைக் குடியிருப்புகளில் வாழ்ந்த பிள்ளைகளுக்குத் தெருவே எஞ்சியது. பகலில் பிள்ளையை வரும்படி கட்டாயப்படுத்திய சமுதாயம், மாலையில் அதனை வெளியே அனுப்பிக் கதவை அடைத்தது.

இக்குறையைப் போக்க முதலில் முன்வந்தவர்கள் தொண்டர்களே. 1888இல் தோன்றிய ‘பிள்ளைகளின் மகிழ்ச்சி மாலைச் சங்கம்’ பள்ளி அறைகளில் விளையாட்டுகளை நடத்திற்று. உயர்குடிப் பெண்கள் பலர் அதில் பங்கேற்றனர். எனினும் ஒரு பள்ளியில் வாரத்திற்கு ஓரிரு மாலைகளுக்கு மேல் அது பெரும்பாலும் நடைபெறவில்லை. ஏனைய மாலைகளில் பிள்ளைகள் முன்போலவே தெருவில் இருந்தனர்.

2. இறையியல் விரிவுரையும் சிறுவர் விளையாட்டும்

இந்நிலையில் முன்வந்தவர் மேரி வார்டு என்னும் நாவலாசிரியை. ரக்பி பள்ளியின் புகழ்பெற்ற தலைமையாசிரியர் தாமஸ் அர்னால்டின் பேர்த்தி அவர். 1870ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த ஃபார்ஸ்டர் மணந்ததோ அவருடைய அத்தையை. ஆகவே மாமா எழுப்பிய பள்ளியின் மாலைக் கதவைத் திறக்கப் போராடியவர் மருமகள் எனலாம்.

1888இல் அவர் வெளியிட்ட ‘ராபர்ட் எல்ஸ்மியர்’ என்னும் நாவல், அற்புதங்களில் நம்பிக்கை இழந்த ஆங்கிலிக்கன் ஆயர் ஒருவர் இலண்டன் ஏழைகளிடையே புதியதொரு சகோதரத்துவத்தை அமைப்பதைக் கூறுவது. கிளாட்ஸ்டனே அதற்கு நீண்ட மறுப்புரை எழுதினார். அந்நாவலின் நோக்கத்திற்குச் செயல்வடிவம் தர விரும்பிய வார்டு, 1890இல் ‘யூனிவர்சிட்டி ஹால்’ என்னும் குடியிருப்பு நிலையத்தை நிறுவினார். திருமறைத் திறனாய்வு விரிவுரைகள் அங்கே முதன்மை பெற்றிருந்தன. ஆனால் அங்குத் தங்கியிருந்த இளைஞர் சிலரின் நாட்டம், அருகிலிருந்த மார்ச்மாண்ட் ஹாலில் உழைப்பாளர் குடும்பங்களிடையே செய்த சமூகப் பணியையே சார்ந்திருந்தது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி விளையாடச் செய்யும் வழக்கமும் அங்கே தோன்றிற்று. 1897இல் ஜான் பாஸ்மோர் எட்வர்ட்ஸின் பொருளுதவியால் டாவிஸ்டாக் பிளேஸில் புதிய நிலையம் எழுந்தபோது, இச்சிறுவர் பணி மாலைதோறும் நடைபெறும் ஒழுங்கான பணியாக வளர்ந்தது. விரிவுரைகள் மறைந்தன, விளையாட்டு நிலைத்தது. இறையியல் கல்லூரியில் வாழும் நாம் இந்நிகழ்ச்சியை எளிதில் கடந்து சென்றுவிடலாகாது.

3. பள்ளியின் சாவி

ஒரு நிலையத்தில் எத்தனை பிள்ளைகளுக்குத்தான் இடம் அளிக்க இயலும்? ஒவ்வொரு தெருவிலும் பள்ளி உண்டு. மாலையில் அது காலியாகவும் உண்டு என்பதை வார்டு கண்டார். 1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலண்டன் நகராட்சி மன்றத்தின் இசைவுடன், எட்டுத் தொடக்கப் பள்ளிகளில் மாலை விளையாட்டு மையங்கள் திறக்கப்பட்டன. கட்டடம் மன்றத்தினுடையது, ஊதியமும் பொருட்செலவும் வார்டு அமைத்த குழுவைச் சார்ந்தவை. தச்சு, கூடை முடைதல், தையல், ஓவியம், பாட்டு, உடற்பயிற்சி ஆகியவற்றோடு, அமைதியாக அமர்ந்து நூல் படிக்கவும் இடம் இருந்தது. மேற்பார்வையாளர் ஊதியம் பெற்றனர் என்பது கருதத்தக்கது. விருப்பம் உள்ள நாளில் வந்துபோகும் தொண்டரால் அன்றாடக் கடமையைத் தாங்க இயலாது என்பது அவருடைய உறுதியான கொள்கை.

4. ‘செய்யலாம்’ என்னும் சொல்

நன்கொடையைத் தேடி ஆண்டுதோறும் அலைவதால் மட்டும் இப்பணி நிலைபெறாது என்று கண்ட வார்டு, நாடாளுமன்றத்தை நாடினார். 1906இல் பிரல் கொண்டுவந்த கல்வி மசோதாவில் விளையாட்டு மையங்களுக்குரிய பிரிவும் இடம்பெற்றது. அம்மசோதாவின் பெரும் வழக்கோ வேறு: பள்ளிகளில் எவ்வகைச் சமய போதனை அளிப்பது என்பதில் ஆங்கிலிக்கன் திருச்சபையும் சுயாதீனச் சபைகளும் மோதிக்கொண்டன. பிரபுக்கள் சபையின் எதிர்ப்பால் மசோதா ஆண்டிறுதியில் கைவிடப்பட்டது. பிள்ளைகளின் மாலைப் பொழுதும் அதனுடன் வீழ்ந்தது. எந்த வினாவிடைப் போதனையைப் பிள்ளை கற்க வேண்டும் என்று பெரியோர் வழக்காடுகையில், அப்பிள்ளை தெருவில் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த ஆண்டில் அப்பிரிவு உயிர்பெற்றது. 1907ஆம் ஆண்டுக் கல்வி நிர்வாகச் சட்டம், விடுமுறைப் பள்ளிகளையும் விளையாட்டு மையங்களையும் நடத்த உள்ளூர்க் கல்வி அதிகாரிகளுக்கு உரிமை வழங்கிற்று. ஆனால் அதே சட்டப்பிரிவு பிள்ளைகளின் மருத்துவப் பரிசோதனையைக் கடமையாக விதித்தது. விளையாட்டு மையத்தையோ விருப்பத்திற்கு விட்டது. ஒன்றைச் ‘செய்ய வேண்டும்’, மற்றொன்றைச் ‘செய்யலாம்’. பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு உணவளிக்க வழிசெய்த 1906ஆம் ஆண்டுச் சட்டமும் ‘செய்யலாம்’ என்ற அளவிலேயே நின்றது. ஆகவே பொருளும் மனமும் உள்ள ஊரில் உதவி கிடைத்தது. ஏனைய ஊர்களில் சட்டம் ஏட்டளவில் இருந்தது.

பொருளுதவி போரின் வாயிலாக வந்தது. தந்தையர் போர்முனையிலும் தாய்மார் வெடிமருந்துத் தொழிற்சாலைகளிலும் இருக்க, சிறுவர் குற்றங்கள் பெருகின. 1917ஆம் ஆண்டு முதல், ஒப்புக்கொள்ளப்பட்ட செலவில் பாதியைக் கல்வி வாரியம் ஏற்றது. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளையின் மகிழ்ச்சிக்காகக் கேட்டபோது கிடைக்காத பணம், பிள்ளையைப் பற்றிய அச்சம் எழுந்ததும் கிடைத்தது. 1920இல் வார்டு மறைந்தபின் அவர் மகள் ஜேனட் டிரவெல்யன் பணியைத் தொடர்ந்தார்.

5. மதிப்பீடு

வார்டு முரண்பாடுகள் அற்றவர் அல்லர். பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமை வேண்டாம் என 1908 முதல் இயக்கம் நடத்தியவரும் அவரே. உழைக்கும் தாய்மாருக்காகச் சட்டத்தை மாற்றியவர், அச்சட்டத்தை இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அத்தாய்மாருக்கு மறுத்தார். எனினும் அவர் கண்ட உண்மை குறைவுபடாது: இரக்கம் ஒரு வழியைக் காட்டும், ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வழியைத் திறந்துவைக்கக் கட்டடமும் ஊதியமும் சட்டமும் வேண்டும்.

இங்கிலாந்தில் வேலை செய்யும் பெற்றோருக்குப் போதிய பிள்ளைப் பராமரிப்பு கிடைக்கச் செய்வது, நியாயமாக இயலும் அளவில், உள்ளாட்சியின் கடமை என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ‘செய்யலாம்’ என்பது ‘செய்ய வேண்டும்’ ஆவதற்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் ஆயின. காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பராமரிப்பு கிடைக்கச் செய்யும் திட்டம் 2023இல்தான் அறிவிக்கப்பட்டது.

பிள்ளைகளைத் தம்மிடம் கொண்டுவந்தோரைத் தடுத்த சீடர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார். அச்சீடர்கள் தீயோர் அல்லர், ஒழுங்கைக் காத்தவர்கள். மாலையில் பள்ளியைப் பூட்டியவர்களும் அத்தகையோரே. பள்ளிகளையும் ஆலய மண்டபங்களையும் தன் பொறுப்பில் வைத்திருக்கும் திருச்சபை தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு. நம் கட்டடங்களின் சாவிகள் மாலை ஐந்து மணிக்கு எவர் கையில் உள்ளன? நாம் இரக்கத்தால் தொடங்கிய நற்பணியை, எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய உரிமையாகப் பொதுமக்களிடம் ஒப்படைக்க நாம் ஆயத்தமா?