மிதந்து வந்த வெள்ளைக் கல்

1971 ஆகஸ்ட் 1. நிலவில் இம்ப்ரியம் சமவெளியின் தென்கிழக்கு ஓரம், அப்பினைன் மலைத்தொடரின் அடிவாரம். ஹாட்லி டெல்டா என்ற மலையின் சரிவில் ஸ்பர் என்று பெயரிடப்பட்ட ஒரு பள்ளம் இருக்கிறது. அகலம் சுமார் 100 மீட்டர். அப்போலோ 15 பயணிகள் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் அதன் விளிம்பில் ரோவரை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். நிலவில் மனிதர் ஓட்டிய முதல் வண்டி அது.

முதலில் கண்ணில் பட்டவை பச்சை மண்கட்டிகள். நிலவில் பச்சையா? தலைக்கவசத்தின் பொன்பூச்சுக் கண்ணாடிதான் அப்படிக் காட்டுகிறதோ என்று இருவருக்கும் சந்தேகம். கொஞ்சம் தள்ளி, ஒரு சாம்பல் நிற மண்கட்டியின் உச்சியில் சிறிய வெள்ளைக் கல் ஒன்று இருந்தது. யாரோ எடுத்து மேடைமேல் வைத்தது மாதிரி இருந்தது. ஸ்காட் இடுக்கியால் அதைத் தூக்கினார். தூசி விலகிய இடத்தில் படிக முகம் வெயிலில் பளிச்சிட்டது. பிளேஜியோகிளேஸ் படிகத்துக்கே உரிய மெல்லிய இணைகோடுகள் தெரிந்தன. தேடி வந்தது கிடைத்துவிட்டது என்று நினைக்கிறோம் என அவர் ஹூஸ்டனுக்குச் சொன்னார். 196-ஆம் எண் பை அந்தக் கல்லுக்காகத் தனியாக ஒதுக்கப்பட்டது.

எடை சுமார் 269 கிராம். ஆய்வகத்தில் கிடைத்த எண் 15415. பத்திரிகையாளர்கள் அதை ‘ஜெனிசிஸ் ராக்’ என்று அழைத்தார்கள், அந்தப் பெயரே நிலைத்தது.

போர் விமானம் ஓட்டிய இருவர் ஒரு படிகத்தின் கோடுகளைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டார்கள் என்பது தற்செயல் அல்ல. கால்டெக் நிறுவனத்தின் புவியியலாளர் லீ சில்வர் கலிபோர்னியாவின் மலைகளில் மாதக்கணக்கில் அவர்களை நடக்கவைத்து, கல்லைப் பார்த்துப் பேசப் பழக்கியிருந்தார். இன்ன நிறம், இன்ன படிகம், எதன்மேல் கிடக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று வானொலியில் வரிசையாகச் சொல்லத் தெரிய வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாமல் போயிருந்தால் 15415 இன்றும் அந்த மண்கட்டியின் மேலேயே இருந்திருக்கும்.

ஒரு வெள்ளைக் கல்லைத் தேடி ஏன் அவ்வளவு தூரம் போனார்கள்? காரணம் அப்போலோ 11 அள்ளி வந்த மண். அது இருண்ட பசால்ட் சமவெளியின் மண். அதற்குள் சில வெள்ளைத் துணுக்குகளும் கலந்திருந்தன. கேம்பிரிட்ஜ், மாசசூசெட்ஸில் உள்ள ஸ்மித்சோனியன் வானியற்பியல் நிலையத்தின் ஜான் வுட்டும் அவருடைய குழுவினரும் அவற்றைப் பொறுக்கியெடுத்துப் பார்த்தபோது, அவை அனார்த்தோசைட் என்று தெரிந்தது. கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ் மட்டுமே கிட்டத்தட்ட நிறைந்த பாறை அது. தொலைவிலுள்ள மேட்டுநிலத்திலிருந்து விண்கல் மோதல்களில் சிதறி வந்தவை இவை என்றால், நாம் வெள்ளையாகப் பார்க்கும் நிலவு முழுவதும் இதே பாறையாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய பரப்பில் ஒரே கனிமம் சேர்வதற்கு வழி ஒன்றுதான்: நிலவின் மேற்பகுதி ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்துக்கு உருகிக் கிடந்திருக்க வேண்டும். 1970 ஜனவரியில் ஹூஸ்டனில் நடந்த மாநாட்டில் வுட் இதை முன்வைத்தார். சில சிட்டிகை மண்ணிலிருந்து ஒரு கோளளவு கடலை ஊகித்த அந்தத் துணிச்சல், நிலவு அறிவியலில் நான் மிகவும் மதிக்கும் தருணங்களில் ஒன்று. அந்த ஊகத்துக்கு ஒரு முழுக் கல்லாகச் சாட்சி வேண்டும். ஸ்காட்டும் இர்வினும் போனது அதற்காக.

கல்லின் கதை இங்கிருந்து பின்னோக்கிப் போகிறது, சுமார் 450 கோடி ஆண்டுகள். செவ்வாய் அளவிலான ஒரு கோள் இளம்பூமியின்மேல் மோதியது. தெயா என்பது அதற்குப் பின்னாளில் வைத்த பெயர். வில்லியம் ஹார்ட்மனும் டொனால்ட் டேவிஸும் 1975-இல் இந்தக் கருத்தை எழுதினார்கள். 1984-இல் ஹவாயின் கோனாவில் கூடிய மாநாட்டுக்குப் பிறகு பெரும்பாலோர் அதை ஏற்றார்கள். மோதலில் ஆவியாகவும் குழம்பாகவும் எறியப்பட்ட பொருள் பூமியைச் சுற்றித் திரண்டு நிலவானது. நிலவுக் கல்லின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதமும் பூமியினுடையதும் கிட்டத்தட்ட ஒன்றே. செவ்வாயிலிருந்து வந்த விண்கற்களில் அந்த விகிதம் வேறு. 15415-இன் அணுக்கள் ஒரு காலத்தில் நம் பூமியின் அணுக்களோடு ஒன்றாகக் கலந்திருந்தவை.

அப்போது நிலவு இன்றைய தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தொலைவில் இருந்தது. அதன் மேற்பகுதி முழுவதும் கொதிக்கும் பாறைக்குழம்பு. குளிரக் குளிர, இரும்பும் மக்னீசியமும் மிகுந்த ஆலிவின், பைராக்சீன் படிகங்கள் முதலில் உறைந்து அடியில் இறங்கின. குழம்பில் முக்கால் பங்குக்கு மேல் உறைந்த பிறகே பிளேஜியோகிளேஸ் படியத் தொடங்கியது. அது சுற்றியிருந்த குழம்பைவிட எடை குறைந்தது, அதனால் மேலே மிதந்தது. காய்ச்சிய பால் ஆறும்போது ஏடு படிவதுபோல, நிலவின் மேல் ஒரு வெள்ளை ஓடு படிந்தது. 2012-இல் கிரெய்ல் விண்கலங்கள் ஈர்ப்பை அளந்து, அந்த ஓட்டின் சராசரித் தடிமன் 34 முதல் 43 கிலோமீட்டர் என்று கணித்தன. பௌர்ணமியில் நாம் பார்க்கும் வெண்மை இந்த ஏடு. இருண்ட திட்டுகள் வெகுகாலம் கழித்துப் பள்ளங்களில் பொங்கி நிரம்பிய பசால்ட்.

மிதந்தது என்பதற்கு யூரோப்பியம் என்ற அரிய தனிமம் சாட்சி. ஆக்சிஜன் குறைவான நிலவுக் குழம்பில் இது கால்சியத்தின் இடத்தில் எளிதாக நுழைந்துகொள்ளும். அதனால் வெள்ளைக் கல்லில் யூரோப்பியம் மிகை. பசால்ட்டிலோ அதே தனிமம் குறைந்திருக்கிறது. ஏடு எடுத்துக்கொண்டு போனதை அடியில் தங்கியது இழந்திருக்கிறது. இரண்டு கற்களும் ஒரே கணக்கின் வரவும் செலவும். நிலவில் பெருங்கடல் ஒன்று இருந்தது என்று நம்புவதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான காரணம் தெரியவில்லை.

ஆழத்தில் பிறந்த கல் மேலே வந்தது ஒரு பேரிடியால். சுமார் 390 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய விண்பொருள் மோதி, 1,100 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள இம்ப்ரியம் படுகையைத் தோண்டியது. அதன் விளிம்பில் உயர்ந்து நின்றவையே அப்பினைன் மலைகள். நம் இமயம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல எழுந்தது. ஹாட்லி டெல்டாவோ சமவெளிக்கு மேல் மூன்றரை கிலோமீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே வீச்சில் எழுந்துவிட்டது. ஓட்டின் துண்டுகள் அந்த மலைக்குள் சிக்கிக்கொண்டன. கல் வெளியே வந்து அண்டக் கதிர்கள் படத் தொடங்கிச் சுமார் 10 கோடி ஆண்டுதான் ஆகிறது என்று அதிலுள்ள ஆர்கான் அணுக்கள் காட்டுகின்றன. காற்றில்லை, மழையில்லை, மேலே புல் முளைக்கவில்லை. நுண்விண்கற்கள் மட்டும் கொத்திக்கொண்டிருந்தன.

1971 ஆகஸ்ட் 7 அன்று விண்கலம் பசிபிக் கடலில் இறங்கியது. விரிந்த மூன்று பாராசூட்டுகளில் ஒன்று வழியில் சுருங்கிவிட, இரண்டின் பலத்திலேயே இறங்கினார்கள். வந்த 77 கிலோ கற்களில் 15415-உம் ஒன்று. ஹூஸ்டன் ஆய்வகத்தில் அது நைட்ரஜன் நிரப்பிய துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிச் சுவரில் பொருத்திய கையுறைகளுக்குள் கைவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எஃகு, அலுமினியம், டெஃப்லான் தவிர வேறெதுவும் கல்லைத் தொடக்கூடாது. கேட்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு மில்லிகிராம் கணக்கில் வெட்டிக் கொடுக்கிறார்கள். அந்தக் கண்டிப்பு வீண்போகவில்லை. 2008-இல் ஆல்பர்ட்டோ சால் குழுவினர், ஸ்பர் பள்ளத்தோரம் கண்ட அதே பச்சை மண்ணின் எரிமலைக் கண்ணாடி மணிகளில் நீரின் தடயத்தைக் கண்டார்கள். 2013-இல் ஹெஜியு ஹுய் குழுவினர் 15415-இன் படிகத்திலேயே, பத்து லட்சத்தில் ஆறு பங்கு போல, நீரைக் கண்டார்கள். எலும்புபோல உலர்ந்தது என்று நாற்பது ஆண்டுகள் சொல்லப்பட்ட நிலவைப் பற்றி, 1971-இல் இருந்தவற்றைவிட நுட்பமான கருவிகள் வேறு கதை சொல்லின. மாசுபடாமல் காத்தவர்களுக்கே அந்தப் பெருமையில் பாதி சேர வேண்டும்.

வயதில்தான் சிக்கல் வந்தது. ஆர்கான் முறையில் அளந்தபோது 400 முதல் 410 கோடி ஆண்டு என்றது கல். நிலவின் முதல் ஓடு அதைவிட மிகப் பழையதாக அல்லவா இருக்க வேண்டும்? விளக்கம் கல்லிலேயே இருந்தது. அதன் படிகங்கள் அதிர்ச்சியால் நொறுங்கியிருந்தன. மோதலின் சூட்டில் சேர்ந்திருந்த ஆர்கான் தப்பிவிட, வயதைக் காட்டும் கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்கியிருந்தது. அப்போலோ 16 கொண்டுவந்த 60025 என்ற அனார்த்தோசைட்டை 2011-இல் லார்ஸ் போர்க் குழுவினர் வேறு முறைகளில் அளந்து 436 கோடி என்றார்கள். நிலவிலிருந்து வந்த சிர்கான் என்ற கனிமத்தின் துகள்களோ 446 கோடி, 451 கோடி என்று சொல்கின்றன. ஒரே கடல் உறைந்ததற்கு இத்தனை தேதிகள் எப்படி?

இதற்கு 2024-இல் ஒரு விடை வந்தது. அது நிலவின் நகர்விலிருந்து வந்தது என்பதே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹாட்லி அடிவாரத்திலேயே ஸ்காட்டும் இர்வினும் முந்தைய நாள், 300 சிறு மூலைக் கண்ணாடிகள் பதித்த ஒரு தட்டை வைத்திருந்தார்கள். அப்போலோ 11, 14 வைத்தவற்றில் நூறு நூறுதான். பூமியிலிருந்து அனுப்பும் லேசர் ஒளி அதில் பட்டு இரண்டரை விநாடியில் திரும்புகிறது. அப்படி அளந்துதான், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுகிறது என்று உறுதியாகத் தெரிந்தது. பூமி நிலவைவிட வேகமாகச் சுழல்வதால் கடலின் ஓதப் புடைப்பு நிலவுக்குக் கொஞ்சம் முன்னே நிற்கிறது. அந்தப் புடைப்பு நிலவை முன்னுக்கு இழுக்க, அது வெளியே நகர்கிறது. பூமியின் சுழற்சி அந்த அளவுக்குத் தளர்கிறது, நாள் நீள்கிறது. பூமியின் பிடியோ நிலவின் சுழற்சியை எப்போதோ கட்டிப்போட்டுவிட்டது. அதனால் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டே சுற்றுகிறது.

இந்த விலகலின் தொடக்கக் காலத்தில், பூமியின் இழுப்பும் சூரியனின் இழுப்பும் போட்டியிடும் ஒரு கட்டத்தை நிலவு கடந்திருக்கும். அப்போது அதன் பாதை நீண்டு, பூமியின் ஈர்ப்பு அதைச் சுற்றுக்குச் சுற்று பிசைந்து சூடாக்கி, ஓட்டின் பெரும்பகுதியை மீண்டும் உருக்கியிருக்கலாம் என்று பிரான்சிஸ் நிம்மோவும் சகாக்களும் எழுதினார்கள். சுமார் 435 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த இரண்டாம் சூட்டில் பெரும்பாலான கற்களின் கடிகாரங்கள் திருத்தி வைக்கப்பட்டன. தாக்குப்பிடித்த சில சிர்கான்கள் மட்டுமே பழைய தேதியைச் சொல்கின்றன. இது இன்னும் முடிந்த வழக்கல்ல. ஆனால் நிலவு நகர்ந்ததுதான் அதன் கற்களின் வயதையே மாற்றியது என்ற எண்ணம், புவியியலையும் வானியலையும் தனித்தனியாகப் படித்தவர்களை ஒரே மேசைக்கு அழைத்திருக்கிறது.

அனார்த்தோசைட் நம் ஊரிலும் உண்டு. நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டியில், வெண்மையும் சாம்பலுமான பாறைக்குள் கறுப்புக் கனிமப் பட்டைகளும் குரோமைட்டும் குருந்தக் கல்லும் ஓடுகின்றன. ஏ. பி. சுப்பிரமணியம் 1956-இலேயே அதை விரிவாக எழுதியிருக்கிறார். நிலவில் மிதந்த ஏடு அல்ல இது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நீர் கலந்த குழம்பில் பிறந்து, பின்னர் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. ஆனாலும் கால்சியம் மிகுந்த அதன் பிளேஜியோகிளேஸ் நிலவின் மேட்டுநிலத்துக்கு மிக நெருக்கமானது. சந்திரயான் திட்டத்துக்கு ரோவரை ஓட்டிப் பார்க்க நிலவு மண் வேண்டியிருந்தபோது, இஸ்ரோ சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை இடித்துப் பொடியாக்கிப் பயன்படுத்தியது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் இதில் துணைநின்றார்கள். அந்தச் செயற்கை மண்ணுக்கு 2020-இல் காப்புரிமையும் கிடைத்தது.

2023 ஆகஸ்ட் 23 அன்று விழுப்புரத்துக்காரர் ப. வீரமுத்துவேல் தலைமையிலான சந்திரயான்-3 தென்துருவப் பகுதியில் இறங்கியது. ஹாட்லியிலிருந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தூரம். பிரக்யான் ரோவர் 103 மீட்டர் ஊர்ந்து, 23 இடங்களில் மண்ணின்மேல் எக்ஸ்-கதிர்க் கருவியை வைத்து அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தின் சந்தோஷ் வடவாலே குழுவினர் 2024 ஆகஸ்ட்டில் முடிவை வெளியிட்டார்கள்: அங்கும் அதே வெள்ளைக் கல்லின் கலவை. நிலவில் அவ்வளவு தெற்கே யாரும் அதுவரை நேரில் அளந்ததில்லை. வுட் ஊகித்த கடல் நிலவு முழுவதும் பரவியிருந்தது என்பதற்கு அது வலுவான ஆதாரம். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக மக்னீசியமும் தென்பட்டது. அருகிலுள்ள தென்துருவ-எய்ட்கென் படுகை தோண்டப்பட்டபோது ஆழத்திலிருந்து எறியப்பட்ட பொருள் கலந்திருக்கலாம் என்கிறார்கள்.

பிரக்யானின் கருவி கலவையைச் சொல்லும், வயதைச் சொல்லாது. வயதுக்குக் கல் ஆய்வகத்துக்கே வர வேண்டும். நிலவிலிருந்து மண்ணும் கல்லும் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்திருக்கிறது.