பாலாற்றங்கரையில் ஒரு தோல் நகரம்

வாணியம்பாடி என்றதும் நம் சமுதாயத்தார் நினைவில் முதலில் எழுவது 1919இல் தொடங்கப்பட்ட இஸ்லாமியாக் கல்லூரி. தோல் வணிகர்களின் கொடையால் வளர்ந்த அக்கல்விப் பணி பெருமைக்குரியதே. ஆயினும் அந்நகரின் வரலாற்றை ஆற்றின் பக்கம் நின்றும் படித்தாக வேண்டும். ஆர்.கே.பேட்டையின் தறியோசைக்கு நடுவே வாழும் நமக்குத் தொழிலின் அருமை தெரியாததன்று.

இங்கிலாந்தின் மான்செஸ்டர், பஞ்சாலைகளால் பெருகிய பின்னரும் 1838 வரை தனக்கென நகர மன்றம் இன்றியே இருந்தது. அதன் ஆறுகள் கெட்டன. 1894இல் 96 மைல் தொலைவிலுள்ள தேர்ல்மியர் ஏரியிலிருந்து அந்நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டது.

வாணியம்பாடிக்கோ 1886இலேயே நகராட்சி வாய்த்தது. அப்படியிருந்தும் பாலாறு தப்பவில்லை. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலம் போய், 1970களுக்குப் பின் குரோமியம் பரவியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகும். அந்நீர் கழிவாகி ஆற்றைச் சேர்ந்தது. வேலூர் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதாக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பில் குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தில் உறுதிபெற்றதில் இத்தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. ஒவ்வொரு தோல் பதனிடும் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். ஆற்றின் இழப்புக்கு முன் அது சிறு தொகையென்றே நாம் கருதுகிறோம்.

ஓடும் ஆற்றிலும் உளூவுக்கு நீரை விரயம் செய்யலாகாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம், நம்மவர் பலர் நடத்திய ஆலைகளின் இக்கணக்கையும் அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றியே தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது.