போர்ஷே 930

போர்ஷே 930 என்பது செருமனியின் போர்ஷே நிறுவனம் 1975 முதல் 1989 வரை தயாரித்த, டர்போசார்ஜர் பொருத்திய விளையாட்டு மகிழுந்து ஆகும். இது 911 டர்போ என்றும் அழைக்கப்படும். இதன் ஆறு உருளை எந்திரம் பின் அச்சுக்கும் பின்னால் அமைந்துள்ளது.

ஓட்டும் தன்மை

டர்போசார்ஜர், வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்தி எந்திரத்துள் செலுத்துகிறது. போதிய புகை வரும்வரை கூடுதல் திறன் கிடைக்காது; பின்னர் திடீரெனக் கிடைக்கும். எனவே வளைவின் நடுவே முடுக்கியை அழுத்தினால் பின்சக்கரங்கள் வழுக்கக்கூடும். சட்டென முடுக்கியை விட்டாலும், எடை முன்பக்கம் சாய்வதால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து, கனமான பின்பகுதி வெளிப்புறமாக வீசப்படும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முடுக்கியைச் சீராக அழுத்துவதே பாதுகாப்பான முறையாகும்.

பந்தயத் தடத்திற்கான அமைப்பு

திறனைக் கூட்டுமுன் வெப்பத்தையும் பிரேக்கையும் சீர்செய்தல் வேண்டும். 1978 மாதிரியில் திறன் 260-இலிருந்து 300 குதிரைத்திறனாக உயர்த்தப்பட்டபோது, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இடைக்குளிர்விப்பானும் பெரிய பிரேக்குகளும் சேர்க்கப்பட்டன. தடத்தில் ஓட்டுவோர் உயர் கொதிநிலை கொண்ட பிரேக் திரவத்தைப் பயன்படுத்துவர். சூட்டில் டயரின் காற்றழுத்தம் உயர்வதால், ஓடி வந்தவுடன் அதை அளந்து சரிசெய்வர். ஓட்டம் முடிந்ததும் எந்திரத்தை உடனே நிறுத்தினால் டர்போசார்ஜரில் தேங்கும் எண்ணெய் கருகும்; ஆகவே சிறிது தூரம் மெதுவாக ஓட்டிக் குளிரவிடுதல் வழக்கம்.