தோட்டத் துண்டாடலும் பல்கலைக்கழக ஆய்வும்



‘துண்டாடல்’ என்னும் சொல்லைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். இளையோர் பலருக்கு அதன் பொருள் தெரியாமல் இருக்கலாம். பல நூறு ஏக்கர் கொண்ட ஒரு ரப்பர்த் தோட்டத்தைச் சிலர் கூடி மொத்தமாக வாங்குவார்கள். பிறகு அதை ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று பிரித்துப் பலருக்கு விற்பார்கள். ஆட்டை முழுசாக வாங்கிக் கறியாகக் கூறுபோட்டு விற்பவனுக்கு எப்படி லாபமோ, அப்படித்தான் இதுவும். ஆனால், தோட்டத்தில் மரம் மட்டுமா இருந்தது? லயங்களில் மக்கள் இருந்தார்கள். கோயில் இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது. அவற்றை எந்தக் கூறில் சேர்ப்பது?

இதனால் நாட்டுக்கு லாபமா நஷ்டமா என்று கண்டறியும் பொறுப்பு ஒரு பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. அரசாங்கமும் பல்கலைக்கழகமும் கைகோத்துச் செய்யும் ஆராய்ச்சி என்றாலே அது நமக்குச் சம்பந்தமில்லாத, படித்தவர்களின் காரியம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நம் லயத்து வாசலையே தொட்ட ஓர் ஆராய்ச்சியைப் பற்றி இன்று பேசுவோம்.

துண்டாடல் ஏன் வந்தது? 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் நாட்டில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. தோட்டத் துரைமார்கள் துப்பாக்கிக் காவலோடு வேலைக்காட்டுக்குப் போன காலம் அது. 1950, 1951ஆம் ஆண்டுகளில் கொரியப் போரின் காரணமாக ரப்பர் விலை ஏறியது. உள்ளூரில் பணம் சேர்த்தவர்கள் அதை நிலத்தில் போட விரும்பினார்கள். 1957இல் சுதந்திரம் வரப்போகிறது என்பது தெரிந்ததும், இனி இங்கே நம் சொத்து என்னாகுமோ என்ற கவலை ஐரோப்பிய முதலாளிகளில் சிலருக்கு உண்டாயிற்று. விற்க ஒரு சாராரும் வாங்க ஒரு சாராரும் தயாராக இருந்தால் நடுவில் தரகர் முளைக்காமல் இருப்பாரா? மொத்தமாக வாங்கும் விலைக்கும் சில்லறையாக விற்கும் விலைக்கும் இருந்த வித்தியாசம்தான் அவர்களுடைய வருமானம். பயிர்த்தொழிலில் அவர்களுக்கு அக்கறை இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதை ஆதரித்தவர்கள் சொன்ன நியாயத்தையும் நாம் கேட்கத்தான் வேண்டும். அந்நியர் கையில் இருந்த நிலம் உள்நாட்டவர் கைக்கு வருகிறதே, இதில் என்ன தவறு என்றார்கள். சிறு உடைமையாளர் தம் சொந்த நிலத்தில் அதிக அக்கறையோடு உழைப்பார், ஆகவே விளைச்சல் கூடும் என்றும் சொன்னார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் சரியாகவே படுகின்றன. மறுபக்கம், 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், துண்டாடலால் தொழிலாளர் வேலையும் வீடும் இழக்கிறார்கள், இதைத் தடுக்க வேண்டும் என்று வாதாடியது. ஒருவர் லாபம் என்கிறார். மற்றொருவர் நஷ்டம் என்கிறார். எண்ணிப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா?

இங்கேதான் மலாயாப் பல்கலைக்கழகம் வருகிறது. 1949ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிங்கப்பூரில், ஏழாம் எட்வர்டு மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து பிறந்தது அந்தப் பல்கலைக்கழகம். 1959இல் கோலாலம்பூரில் அதற்குத் தனிப் பிரிவு ஏற்பட்டது. 1962 ஜனவரி முதல் கோலாலம்பூர்ப் பிரிவே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பொருளாதாரத் துறையில் பணியாற்றியவர் உங்கு அப்துல் அஸிஸ். பிற்காலத்தில் அவர் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1968 முதல் 1988 வரை இருந்தார். 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். ஏழ்மையை அளக்க அவர் கண்டுபிடித்த ஒரு வழி நம் மக்களுக்குப் பிடிக்கும். ஒரு வீட்டில் எத்தனை சாரோங் இருக்கிறது, அதை அந்த வீட்டு ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார். ஆளுக்கு ஒன்றுகூட இல்லையென்றால் அந்தக் குடும்பத்தின் நிலையைச் சொல்ல வேறு புள்ளிவிவரம் தேவையில்லை. கொடியில் காயும் துணியைப் பார்த்தே வீட்டு நிலையைச் சொல்லிவிடும் நம் பாட்டிமார் இதைக் கேட்டால், இதற்கா பேராசிரியர் வேண்டும் என்பார்கள்! ஆனால் கண்ணால் கண்டதைக் கணக்காக்கி, அரசாங்கத்தின் மேசைமேல் வைப்பதற்குப் பேராசிரியர் வேண்டும்தான்.

உங்கு அஸிஸின் தலைமையில் நடந்த ஆய்வு, 1951 முதல் 1960 வரையிலான பத்தாண்டுகளில் மலாயாவில் நடந்த தோட்டத் துண்டாடலை எடுத்துக்கொண்டது. 1962இல் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறை அதை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அதே 1962ஆம் ஆண்டில்தான், ஐக்கிய நாட்டுச் சபையின் சிறப்பு நிதியும் நம் அரசாங்கமும் கூட்டாகத் தேசிய உற்பத்தித் திறன் மையத்தை ஏற்படுத்தின. இன்று மலேசிய உற்பத்தித் திறன் கழகம் என்று விளங்குவது அதன் வழிவந்ததே. ‘உற்பத்தித் திறன்’ என்ற பேச்சு நாட்டில் பலமாகத் தொடங்கிய காலம் அது எனலாம்.

உற்பத்தித் திறன் என்றால் என்ன? தோட்டக் கணக்கிலேயே பார்ப்போம். ஓர் ஏக்கரில் ஓராண்டில் எவ்வளவு ரப்பர் கிடைக்கிறது என்பது ஒரு கணக்கு. ஒரு பால்வெட்டுத் தொழிலாளி ஒரு நாளில் எவ்வளவு கொண்டுவந்து நிறுக்கிறார் என்பது வேறு கணக்கு. இந்த இரண்டும் எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்லை. பத்து ஏக்கரை வாங்கிய நகரத்து மனிதர் ஒரு குத்தகைக்காரரிடம் மரங்களை விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குத்தகைக்காரர் நாளொன்றும் தவறாமல் வெட்டச் சொல்கிறார். பட்டையை ஆழமாகச் சீவச் சொல்கிறார். அந்த ஆண்டு பால் கூடுகிறது. கணக்குப் புத்தகத்தில் உற்பத்தித் திறன் உயர்ந்துவிட்டது! ஐந்தாறு ஆண்டுகளில் பட்டை முழுதும் காயமாகி, வெட்ட இடமில்லாமல் மரம் நிற்கும். ஆகவே ஓராண்டுக் கணக்கை மட்டும் பார்த்து ஒரு தீர்மானத்துக்கு வருவது ஆபத்து.

இதில் இன்னொரு பெரிய விஷயம் மறுநடவு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1925இல் சட்டத்தின்மூலம் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஏற்றுமதியாகும் ரப்பர்மீது விதித்த வரிப்பணத்தில் நடந்தது. அங்குள்ள விஞ்ஞானிகள் 1937ஆம் ஆண்டில் இரண்டு மரங்களைக் கலந்து ஓர் இனத்தை உண்டாக்கினார்கள். ஒன்று ஜாவாவிலிருந்து வந்த ‘ஜிர் 1’. மற்றொன்று சிலாங்கூரில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தின் ‘பி.பி. 86’. இவற்றின் பிள்ளைதான் நம் தோட்டங்களில் எல்லோரும் அறிந்த ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’. கலப்புச் செய்தது 1937இல் என்றாலும், மரம் வளர்ந்து, பால் கொடுத்து, ஆண்டுக் கணக்காக அளந்து பார்த்து, இதை நம்பி நடலாம் என்று சொல்வதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. இடையில் ஜப்பானியர் காலம் வேறு. விதையிலிருந்து முளைத்த பழைய மரங்கள் ஹெக்டருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 500 கிலோ கொடுத்தன. நன்கு பராமரித்த புதிய இனம் 1,500 கிலோவும் அதற்கு மேலும் கொடுத்தது. அதே நிலம், அதே மழை, அதே தொழிலாளியின் கை. மூன்று மடங்கு ரப்பர்! செயற்கை ரப்பரின் போட்டியைச் சமாளிக்க வேறு வழியில்லை என்று உணர்ந்த அரசாங்கம், 1952இல் சட்டம் இயற்றி மறுநடவு நிதியை ஏற்படுத்தியது.

ஆனால் மறுநடவு என்றால் பழைய மரத்தை வெட்டிச் சாய்த்து, கன்று நட்டு, பால் வெட்டும் பருவம் வர ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆயிரம் ஏக்கர்த் தோட்டம், ஆண்டுக்கு ஐம்பது ஏக்கர் என்று சாய்த்துவிட்டு மற்ற நிரைகளில் வெட்டிப் பிழைக்கலாம். பத்து ஏக்கர் வைத்திருப்பவர் எதைச் சாய்ப்பார், எதைத் தின்பார்? அதுவும் நிலத்தின் விலை ஏறும்வரை வைத்திருந்து விற்பதற்கென்றே வாங்கியவருக்கு ஏழாண்டு காத்திருக்கும் எண்ணம் வருமா? ஆராய்ச்சிச் சாலையில் கண்டுபிடித்த நல்ல மரம், துண்டாடிய நிலத்தில் வேர்விடத் தயங்கியதற்குக் காரணம் இதுதான்.

உங்கு அஸிஸின் அறிக்கை இந்த விவகாரத்தில் தொழிற்சங்கம் சொன்னதன் பக்கமே நின்றது. துண்டாடலால் உற்பத்தி கூடும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது, மறுநடவு பின்தங்கியது, தொழிலாளரின் வேலையும் வாழ்க்கை வசதிகளும் சீர்குலைந்தன, ஆகவே இதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பது அதன் போக்கு. சிறு உடைமையாளர் அக்கறையோடு உழைப்பார் என்ற வாதம் என்னாயிற்று? தம் நிலத்தில் தாமே கத்தி பிடிக்கும் சிறு உடைமையாளருக்கு அது பொருந்தும். துண்டாடிய நிலத்தை வாங்கியவர்களில் பலர் கத்தி பிடிக்கவில்லை. கடையிலும் அலுவலகத்திலும் இருந்துகொண்டு ஆள் வைத்து வெட்டினார்கள். ‘சிறு தோட்டம்’ என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு மனிதர்கள் ஒளிந்திருந்தார்கள்.

தொழிலாளரின் நிலையை நாம் இங்கே சேர்த்துச் சொல்லாவிட்டால் குறையாகிவிடும். பெரிய தோட்டமென்றால் தொழிலாளர் சட்டப்படி வீடு, தண்ணீர், மருத்துவ வசதி முதலியவற்றுக்கு முதலாளி பொறுப்பு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் பள்ளிக்கூடமும் நடத்தியாக வேண்டியிருந்தது. ஒரு முதலாளி நாற்பது முதலாளிகளாகப் பிரிந்துவிட்டால் யாரைக் கேட்பது? சேமநிதிப் பணம் கட்டுவது யார்? லயம் யாருடைய கூறில் விழுந்ததோ அவர், “வீடு என்னுடையது, காலி செய்யுங்கள்” என்பார். மரம் யாருடைய கூறில் விழுந்ததோ அவர், “எனக்கு இரண்டு ஆள் போதும்” என்பார். பழைய தோட்டப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். ஒரே மாதத்தில் அடுத்தடுத்து ‘விலகினார்’, ‘விலகினார்’ என்று எழுதியிருக்கும். எங்கே போனார்கள் என்று எழுத அதில் இடம் இல்லை.

அறிக்கை வந்தவுடனே சட்டம் வந்துவிடவில்லை. ஆய்வு முடிந்த கையோடு எல்லாம் மாறிவிடும் என்று நினைப்பது தவறு. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தில் பிற்பாடு 214 ‘ஏ’ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, தோட்ட நிலத்தைக் கைமாற்ற விரும்புகிறவர் தோட்ட நில வாரியத்தின் அனுமதியைப் பெற வேண்டும். நாற்பது ஹெக்டருக்குக் குறையாத விவசாய நிலம் இதற்குள் வரும். நல்ல சட்டம்தான். அது வருவதற்குள் எத்தனையோ தோட்டங்கள் கூறுபோட்டு முடிந்திருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பேராசிரியர் எண்ணிக்கொண்டிருந்த அதே வேளையில் நம் மக்களும் ஒரு கணக்குப் போட்டார்கள். தோட்டத்தைத் தரகர் கூட்டுச் சேர்ந்து வாங்கலாம் என்றால், அதில் உழைப்பவர் ஏன் கூட்டுச் சேர்ந்து வாங்கக் கூடாது? சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய துன் வீ. தி. சம்பந்தன் அப்போது அமைச்சர், ம.இ.கா.வின் தலைவர். 1960ஆம் ஆண்டு மே மாதம் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளி என்று தவணையில் கட்டலாம். அன்றைய சம்பளத்தில் 10 வெள்ளி என்பது லேசான தொகை அல்ல. மளிகைக் கடைக் கணக்கில் கைவைத்தால்தான் அது மிஞ்சும். சம்பந்தன் தோட்டந்தோட்டமாகப் போய்ப் பேசினார். மறு ஆண்டே, 1961இல், கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதைத் துண்டாடாமல், தோட்டமாகவே நடத்தியது. பிறகு வேறு தோட்டங்களும் சேர்ந்தன.

இதில் நமக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பல்கலைக்கழகத்தின் மூன்று தொகுதிகளும் ஆங்கிலத்தில் இருந்தன. பத்து வெள்ளி கட்டிய தொழிலாளி அவற்றைப் படித்திருக்க முடியாது. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே விடையைத்தான் கண்டார்கள். தோட்டம் முழுதாக இருந்தால்தான் மரத்துக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது என்பது அந்த விடை. துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் முகம் மாறுவது வெறும் பழங்கதை அன்று. மூன்று தொகுதி அளவுக்குச் சான்று உள்ள செய்தி என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரத்தின் பெற்றோரில் ஒன்று பிராங் பெசார் தோட்டத்து மரம் என்று சொன்னோம் அல்லவா? அந்தத் தோட்டம் இன்று இல்லை. 1995இல் அங்கே கட்டுமானம் தொடங்கியது. 1999இல் பிரதமர் அலுவலகம் அங்கே குடிபெயர்ந்தது. நாட்டின் உற்பத்தித் திறனைப் பற்றிய அறிக்கைகள் இப்போது போய்ச் சேருவது அங்கேதான். அதன் பெயர் புத்ராஜெயா. முன்பு அங்கே பால் வெட்டியவர்களின் குடும்பங்கள் டிங்கிலில் குடியமர்த்தப்பட்டார்கள்.