எரித்தவனும் எழுப்பியவனும்: மலையகக் காமன் கூத்தில் சிவனின் மனமாற்றம்

கதையின் தொடக்கத்திலே கொடியவனாகத் தோன்றும் காதலன் இறுதியில் அருளாளனாகிறான் எனின், அம்மாற்றம் கதையின் போக்கிலே ஈட்டப்பட்டதா, அன்றி வலிந்து ஒட்டப்பட்டதா என்னும் வினா எழுதல் இயல்பு. இவ்வினா நவீனங்களுக்கே உரியதென்று கருதுவோர் உளர். ஹற்றன், தலவாக்கொல்லை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்பட்டுவரும் காமன் கூத்தைப் பார்த்தவர் அவ்வாறு கருதார். தவத்தைக் கலைத்த குற்றத்துக்காக மன்மதனை நீறாக்கிய சிவன், பின்பு அவனையே உயிர்ப்பிக்கிறான். காதலை எரித்தவன் தானே காதலனாகி மணக்கோலமும் பூணுகிறான். இவ்விரு நிலைகளுக்குமிடையே அவனிடம் நிகழ்ந்தது யாது?

இதற்கு வடமொழிக் காப்பிய மரபு தரும் விடை தெளிவானது. காளிதாசனின் குமாரசம்பவத்தில் மூன்றாம் சருக்கத்திலே காமன் எரிகிறான். நான்காவதில் இரதி புலம்புகிறாள். ஐந்தாவதில் பார்வதி கடுந்தவம் புரிகிறாள். அழகினால் வெல்லப்படாதவன் தவத்தினால் வெல்லப்படுகிறான். ஏழாம் சருக்கத்தில் திருமணம் நிறைவுற்றதும் தேவர்கள் காமனுக்காக வேண்டுகின்றனர். தன்மீதே அவன் கணைகள் செயற்படச் சிவன் இசைகிறான். எரித்தவன் தானே இலக்காக இசைவது சிறிய மாற்றமன்று. அதனை ஈட்டித் தந்தது பார்வதியின் தவம்.

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் செல்லும் வழி வேறு. அங்கே மன்மதன் பிரமனின் சாபத்துக்கு அஞ்சியே செல்கிறான். சாபத்தினும் சிவனது கண்ணழலே மேலெனத் துணிகிறான். நிகழ்வன யாவும் இறைவனின் திருவுளப்படி நிகழ்வன. ஆகவே மாற்றம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. சித்தாந்த நோக்கில் இது பொருத்தமானதே. நாடக நோக்கில் நிறைவளிப்பதன்று. இறுதியில் மன்மதன் இரதிக்கு மட்டும் உருவோடும் ஏனையோர்க்கு உருவின்றியும் இருக்குமாறு அருள் பெறுகிறான். இச்செய்தியை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கூத்திலே இது வேறொரு பொருள் பெறுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவிற் தொடங்கிய தேயிலைப் பயிர்ச்செய்கை பரவியபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலாய பகுதிகளிலிருந்து வந்த மக்கள் தம்மோடு கொணர்ந்த கலைகளுள் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் முதன்மையானவை. அவற்றுள் காமன் கூத்து மேடைக்குள் அடங்குவதன்று. மாசி அமாவாசையை அடுத்து ஆமணக்கு, கரும்பு முதலியன சேர்த்துக் கட்டிய காமன் கம்பம் நடப்படும். அன்றுமுதல் பௌர்ணமியை அண்டிய தகனம்வரை கூத்து நாட்கணக்கில் நீளும். இரதி, மதன் வேடம் பூணும் இளைஞர் (இரதியும் மரபாக ஆண்மகனே) விரதம் காப்பர். தப்பொலி முன்செல்ல இருவரும் லயம் லயமாக ஆடிவருவர். பகலெல்லாம் மலையிற் கொழுந்து பறித்தவர் பனியிற் போர்வையுடன் அமர்ந்து விடியும்வரை பார்ப்பர். தோட்டத்துக்குத் தோட்டம் பாடலும் முறையும் வேறுபடும். கதையின் எலும்புக்கூடு ஒன்றே.

இக்கூத்தில் சிவனுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதே முதலில் அவதானிக்கத்தக்கது. பார்வதியின் தவத்துக்கும் இங்கு பெரும் இடமில்லை. நேரமெல்லாம் இரதிக்கும் மதனுக்கும் உரியது: அவர்தம் திருமணம், இரதி காணும் தீக்கனவு, போகாதே என அவள் தடுத்தல், தன் கணையின் வலிமையைப் பேசி அவன் மறுத்தல், இருவருக்குமிடையே வளரும் தர்க்கம். தகனம் நிகழும்போது பார்ப்போர் எரிபவனைப் பல நாட்களாக அறிந்திருக்கின்றனர். எரிப்பவனை அப்போதுதான் காண்கின்றனர். காளிதாசன் பார்வதியிடம் ஒப்படைத்த பணியைக் கூத்து இரதியிடம் ஒப்படைத்துவிட்டது. சிவனின் உள்ளம் எவ்வாறு நெகிழ்ந்தது என்று கூத்து காட்டவில்லை. அவன் நெகிழாதிருக்க முடியாத அளவுக்கு இரதியைப் புலம்ப வைக்கிறது. உளவியல் நோக்கிற் பார்ப்பின் இம்மாற்றம் ஈட்டப்படவில்லை என்றே யான் சொல்வேன். நீதி நோக்கிற் பார்ப்பின், தகனத்துக்கு முன்னரே அது கடனாக ஏறியிருக்கின்றது.

இவ்வையம் புதிதன்று. தஞ்சைப் பகுதியின் லாவணி மரபில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு அணியினர் எதிரெதிர் அமர்ந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று பாட்டாலேயே வாதிடுவர். எரியாத கட்சியின் வாதத்தை வேடிக்கையென ஒதுக்குதல் தவறு. எரிந்தவன் திரும்பி வருவானாயின், எரித்தலுக்குப் பொருள் என்ன? சிவனின் சினம் உண்மையா, அருள் உண்மையா? தேர்ந்த விமரிசகர் கேட்கும் கேள்விகளையே அவர்கள் டேப் அடித்துக் கேட்டனர்.

நமது பல்கலைக்கழகச் சூழலில் ஒன்றைக் குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் கர்ணன் போர், 1964இல் இராவணேசன் என மட்டக்களப்புக் கூத்து மரபை மேடைக்குக் கொணர்ந்தமை பெரும் பணி. அதே மலைச்சாரலில், சில மணிநேரப் பயணத் தொலைவில் ஆடப்பட்ட காமன் கூத்தோ கற்றோர் கவனத்தை நெடுங்காலம் போதிய அளவு பெறவில்லை. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து 1980களில் நூலாக்கிய ஸி. வி. வேலுப்பிள்ளை போன்ற மண்ணின் மைந்தரே அச்செல்வத்தின் அருமையை முதலில் உணர்ந்தனர்.

இனி உயிர்ப்பித்தலுக்கு வருவோம். புலம்பல் நீண்டது, மீட்பு சுருங்கியது. இதனைச் சடங்குக்காக ஒட்டவைத்த முடிவு என்பார் உண்டு. யான் உடன்படேன். 1948இல் ஒரு சட்டத்தாற் குடியுரிமை இழந்து, 1964, 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள்வரை காத்திருந்து உரிமையைத் துண்டுதுண்டாகப் பெற்ற மக்கள் இவர்கள். முதல் ஒப்பந்தம் இந்தியாவுக்கு ஒதுக்கியோர் தொகை மட்டும் 5,25,000. ஒரே லயத்தில் வாழ்ந்த உறவினர் தலைமன்னாருக்கு ரயிலேறியதைக் கண்டவர்கள் இரதியின் புலம்பலை வெறும் புராணமாகக் கேட்டிருப்பர் என நான் நம்பவில்லை. பறித்தல் ஒரு நொடியில் நிகழும் என்பதும், திருப்பித் தருதல் தாமதமாகவும் குறையாகவும் நிகழும் என்பதும் அவர்கள் அறிந்தவை. கூத்தாடியோர் இவ்வொப்புமையைக் கருதியே ஆடினர் என்று கூற என்னிடம் சான்றில்லை. ஆயினும் அம்முடிவு அவர்களுக்குப் பொய்யாகத் தோன்றியிராது.

இன்னொன்றும் உண்டு. இரதியின் கண்ணுக்கு மட்டுமே மன்மதன் தெரிவான் என்கிறது புராணம். கூத்திலோ, கம்பம் எரிந்து தணிந்த அதே திடலில், வீழ்ந்து கிடந்த மதன் வேடக்காரன் தப்பொலிக்கு எழுந்து நிற்கிறான். இரதி காண்கிறாள், போர்வைக்குள் ஒடுங்கியிருந்த கிழவியும், மடியிலிருந்த குழந்தையும், தப்படிப்பவரும் காண்கின்றனர். சிவன் ஒருத்திக்கு அளித்த வரத்தைக் கூத்தாடிகள் லயம் முழுமைக்கும் நீட்டிவிட்டனர்.