காலியாக விடப்பட்ட இடம்: இந்தியக் கார் ஸ்டீரியோவின் வரலாற்றுக்கு ஒரு குறிப்பு

விலை குறைந்த வகைக் கார்கள் பலவற்றின் டேஷ்போர்டில், நடுவே, ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் 180 மில்லிமீட்டர் அகலமும் 100 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட செவ்வகக் குழி தெரியும். குழிக்குள் எதனோடும் இணைக்கப்படாத கம்பிக்கற்றை ஒன்று தொங்கும். அதே காரின் உயர்வகையில் தொடுதிரை அமர்ந்திருக்கும் இடம் அது. வட இந்தியாவின் கேசட் பண்பாடு பற்றிப் பீட்டர் மானுவேல் 1993இல் வெளியிட்ட நூலை இத்துறை மாணவர்கள் அறிவார்கள். அந்நூல் ஒலிநாடாவைப் பின்தொடர்கிறது. நாடா நுழைந்த பெட்டியையும், பெட்டி நுழைந்த துளையையும் பின்தொடர்ந்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. காரை விற்ற நிறுவனம் காலியாக விட்ட இடத்தைக் கடைத்தெரு நிரப்பிய வரலாறு அது.

தொடக்கத்தில் துளை என்றே ஒன்று இல்லை. 1930இல் சிகாகோவின் கால்வின் நிறுவனம் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் கார் வானொலியை விற்றபோது, வாங்குவதைவிடப் பொருத்துவதே பெரும்பாடாக இருந்தது. கூரைத் துணிக்குள் ஏரியல் கம்பியை ஓட்ட வேண்டும். தனி மின்கலங்களுக்கு இடம் தேட வேண்டும். ஸ்பார்க் பிளக் எழுப்பும் கரகரப்பை அடக்கவும் வழி செய்ய வேண்டும். 1932இல் ஜெர்மனியில் புளூபங்க்ட் கொண்டுவந்த ஏ.எஸ். 5 பெட்டியின் எடை ஏறத்தாழ 15 கிலோ. இத்தகைய பெட்டிகளைக் காருக்குள் அடக்குவது ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்பட்ட கைவேலை.

இந்நிலையை மாற்றியது ஓர் அளவு. டின் 75490 என்ற ஜெர்மானியத் தரநிலை வானொலிக்கான துளையை 180க்கு 50 மில்லிமீட்டர் என வரையறுத்தது. 1984இல் அதுவே ஐ.எஸ்.ஓ. 7736 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. இன்று கடைகளில் ‘சிங்கிள் டின்’, ‘டபுள் டின்’ என்று சொல்கிறோமே, அந்த ‘டின்’ தகரப் பெட்டியைக் குறிப்பதன்று. ஜெர்மானியத் தரநிர்ணய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். துளையின் அளவு பொதுவானதும், காரைச் செய்தவர் ஒருவர், ஸ்டீரியோவைச் செய்தவர் வேறொருவர், பொருத்துபவர் மூன்றாமவர் என்ற ஏற்பாடு எளிதாயிற்று.

இந்தியாவில் இந்த ஏற்பாடு வேரூன்றியதற்குக் காரணங்கள் வேறு. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமமின்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதே குற்றம். உரிமத்தை அஞ்சலகத்தில் புதுப்பிக்க வேண்டும். 1980களின் நடுப்பகுதியில்தான் இம்முறை ஒழிந்தது. அம்பாசிடரிலும் பத்மினியிலும் பாட்டு என்பது தனியே காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆடம்பரம். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த அக்காலத்தில் ஜப்பானியப் பெட்டி வேண்டுவோர், பர்மாவிலிருந்து திரும்பியோருக்காக 1969இல் உருவான சென்னை பர்மா பஜார் போன்ற சந்தைகளையே நாடினர். 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்த பின், முதன்முறையாகக் கார் வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் பெருகின. காரை ஷோரூமிலிருந்து எடுத்து, தில்லி கரோல் பாகுக்கோ பெங்களூரு ஜே.சி. சாலைக்கோ ஓட்டிச்சென்று இருக்கையுறையும் ஸ்டீரியோவும் போட்டுக்கொள்வது ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆயிற்று.

தொடுதிரை காருக்குப் புதிதன்று. ஜெனரல் மோட்டார்ஸின் பியூக் ரிவியேரா 1986லேயே படக்குழாய்த் தொடுதிரையோடு வந்தது; ஓட்டுநர்களிடம் வரவேற்பின்றிச் சில ஆண்டுகளில் மறைந்தது. நம் நாட்டில் அதை எளியவர் கைக்குக் கொண்டுவந்தவை சீனாவில் தயாராகும் ஆண்ட்ராய்டு பெட்டிகள். 5,000 முதல் 10,000 ரூபாய்க்குள் திரை, வழிகாட்டி வரைபடம், பின்புறக் கேமராப் படம் எல்லாம் கிடைத்துவிடுகின்றன. இதே வசதிகளை நிறுவனத்திடம் பெறுவதற்கு உயர்வகைக் காரையே வாங்க வேண்டும். விலை வேறுபாடு பல பத்தாயிரங்கள். திரை மட்டும் வேண்டுபவரும் அலாய் சக்கரத்துக்குச் சேர்த்தே பணம் தர நேரிடும். மலிவுப் பெட்டிகளில் பொய்களும் உண்டு. அட்டையில் அச்சிட்ட நினைவக அளவு உள்ளே இல்லாத பெட்டிகளைச் சந்தையில் காணலாம்.

பொருத்துபவரின் அறிவு இங்கேதான் தேவைப்படுகிறது. மஞ்சள் கம்பி மின்கலத்தோடு எப்போதும் இணைந்திருக்க வேண்டும். சிவப்பு, சாவி திருகியபின் மட்டுமே உயிர்பெற வேண்டும். மஞ்சளையும் சாவி இணைப்பில் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் பெட்டி தன் அமைப்புகளை மறந்துவிடும். சிவப்பை நேரே மின்கலத்தில் சேர்த்தால் மின்கலம் வடிந்து, காலையில் வண்டி கிளம்பாது. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஆகிய நான்கும் ஒலிபெருக்கிகளுக்கு. துளைக்குப் பொது அளவு வந்ததுபோல் இணைப்புமுனைக்கு வரவில்லை. தரநிலை இருந்தும் ஜப்பானிய, கொரிய நிறுவனங்கள் தத்தம் வடிவத்தையே கையாண்டன. எனவே ஒவ்வொரு காருக்கும் ஒரு ‘கப்ளர்’ தேவைப்பட்டது. கப்ளர் வாங்க மனமின்றிக் கம்பியை வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கமும் பரவியது. அத்தகைய மூட்டு சூடேறித் தீப்பற்றக் கூடும் என்பதால், நிறுவனங்களின் அச்சத்தை வெறும் வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அவ்வச்சம் எதுவரை செல்லலாம் என்ற கேள்வி சட்டத்தின் முன்னும் வந்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமை குறித்த வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்கள்மீது 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியாரிடம் பழுதுபார்த்தால் உத்தரவாதம் முழுவதும் ரத்து என்ற பொது நிபந்தனை கூடாது என்றும் ஆணையிட்டது. ஸ்டீரியோ அவ்வழக்கின் பொருளன்று. ஆயினும் கம்பியை வெட்டாமல் கப்ளர் வழியே பொருத்திய திரைக்காக, அதனோடு தொடர்பே இல்லாத பழுதுக்கும் உத்தரவாதம் மறுக்கப்படும்போது, அவ்வாணையின் தர்க்கத்தையே நுகர்வோர் கையிலெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது துளையே மறைந்துவருகிறது. புதிய கார்களில் திரை டேஷ்போர்டோடு ஒன்றியிருக்கிறது. குளிரூட்டியும் கதவுப்பூட்டு அமைப்புகளும் அதற்குள் சென்றுவிட்டன. போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ தகவல்தடம் வழியே கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பெட்டியைக் கழற்றினால் காரின் பிற பணிகளும் தடுமாறக்கூடும். ஜே.சி. சாலைக் கடைக்காரர்களுக்கு இனி எஞ்சுவது பெரும்பாலும் பழைய கார்களின் குழிகளே.

இத்தொழிலுக்கு ஆவணக்காப்பகம் இல்லை. கம்பி நிறங்களைக் குறித்த கையேடுகளும் கடை ரசீதுகளும் பழைய காகிதமாகவே போய்விடுகின்றன. நண்பர்கள் வீட்டில் 1985க்கு முந்தைய வானொலி உரிமப் புத்தகமோ, கார் ஸ்டீரியோ பொருத்திய ரசீதோ, பொருத்துநர் ஒருவரின் குறிப்பேடோ இருந்தால், பெயர் முகவரிகளை மறைத்துப் படமெடுத்துப் பின்னூட்டத்தில் இட வேண்டுகிறேன். ஊரையும் ஆண்டையும் குறிப்பிட்டால் பேருதவியாக இருக்கும்.