கொடியில் ஏறிய தமெய்ன்: யாங்கோன் நகரில் பெண்களின் பழிகரப்பு அங்கதம்

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பகுத்தார். வசையை வெளிப்படக் கூறுவது முன்னது. வசையெனத் தோன்றாதவாறு மறைத்துக் கூறுவது பின்னது. செய்யுளுக்கு வகுத்த இப்பாகுபாடு, ஒரு சொல்லும் இன்றிக் கயிறும் துணியும் மட்டுமே கொண்டு ஆக்கப்பட்ட ஓர் அங்கதத்திற்கும் பொருந்துமா என்னும் வினாவை 2021 மார்ச்சு மாதத்து யாங்கோன் தெருக்கள் எழுப்புகின்றன.

அலோன், யாங்கோன் ஆற்றங்கரையில் நகரின் மேற்கு ஓரமாக அமைந்த நகரியம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இக்கரையெங்கும் அரிசி ஆலைகளும் மர அறுவை ஆலைகளும் இயங்கின. அவற்றில் உழைத்தோருள் தெலுங்கரும் தமிழரும் பலர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ரங்கூனின் ஏறத்தாழ 4 இலட்சம் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்; அவருள்ளும் ஆடவரே மிகுதி. இந்த எண்ணிக்கைச் சமனின்மை பின்னர் எழுந்த ஓர் ஏளன அரசியலுக்கு அடிநிலமாயிற்று. தமெய்ன் கொடியின் பொருளை அறிய அந்த ஏளனத்தை முதலில் நோக்குதல் வேண்டும்.

1930களின் பர்மிய இதழ்களில் இரு பெண்ணுருவங்கள் திரும்பத் திரும்ப எள்ளப்பட்டன. மெல்லிய ரவிக்கை அணிந்த 'புதுக்காலப் பெண்' ஒன்று. இந்தியனை மணந்த பர்மியப் பெண் மற்றொன்று. 1938 சூலைக் கலகத்தை ஆராய்ந்த குழு, இக்கலப்பு மணச் சிக்கலையும் செய்தித்தாள்களின் பங்கையும் காரணங்களுள் வைத்துப் பேசியது. அடுத்த ஆண்டே பௌத்தப் பெண்களுக்கான சிறப்புத் திருமணச் சட்டம் இயற்றப்பட்டது; அதே நோக்குடைய சட்டம் ஒன்று 2015இல் மீண்டும் வந்தது. பெண்ணைக் காப்பதாகக் கூறும் சட்டமும் பெண்ணை நகைக்கும் எழுத்தும், அவள் தன் துணையைத் தானே தேர்ந்துகொள்ளும் அறிவற்றவள் என்னும் ஒரே கருத்திலிருந்து பிறந்தவை. ரங்கூன் தமிழர் வரலாற்றை எழுதியோர் கலகத்தில் இழந்த உயிர்களையும் கடைகளையும் கணக்கிட்ட அளவுக்கு, இந்நகையாடலில் இந்திய ஆடவனுக்கு அளிக்கப்பட்ட பாத்திரத்தையும் அவனை மணந்த பெண் அடைந்த இழிவையும் எண்ணிப் பார்க்கவில்லை என்றே கூற வேண்டியுள்ளது.

நாட்டார் கலைகளிலும் நகையின் உரிமை பெரும்பாலும் ஆடவரிடமே இருந்தது. அன்யெய்ன் அரங்கில் பெண் ஆடுவாள். இடையிடையே கோமாளிகள் பேசுவர். திங்யான் புத்தாண்டு விழாவில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கக் குழுவினர் மறுமொழி முழங்கும் தான்ஜட், ஆள்வோரை நேரே இடித்துரைக்கும் செம்பொருள் அங்கதம். 1988ஆம் ஆண்டுப் படைப்புரட்சிக்குப் பின் அது தடுக்கப்பட்டது. தடை நீங்கிச் சில ஆண்டுகளே ஆன நிலையில், 2019இல் படையினரைக் கேலி செய்து தான்ஜட் நிகழ்த்திய 'மயில் தலைமுறை' குழுவினர் சிறை புகுந்தனர். அவர்கள்மீது பாய்ந்த தண்டனைச் சட்டப் பிரிவு 505, இந்தியாவுக்கென 1860இல் இயற்றப்பட்டுப் பர்மாவுக்கும் உரியதாகிய அதே சட்டத்தொகுப்பைச் சார்ந்தது. வெளிப்படப் பேசும் அங்கதத்தைச் சட்டம் எளிதில் பிடித்துவிடுகிறது. உலர்த்திய துணியை எந்தப் பிரிவின்கீழ்ப் பிடிப்பது?

ஏளனத்துக்கு இலக்கான படையின் மீதுள்ள குற்றச்சாட்டோ நகைக்குரியதன்று. ஷான் மனித உரிமை அறக்கட்டளையும் ஷான் பெண்கள் செயல் வலையமைப்பும் 2002இல் வெளியிட்ட அறிக்கை, 1996 முதல் 2001 வரையிலான 173 நிகழ்வுகளில் 625 பெண்களும் சிறுமியரும் படையினரின் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானதைப் பதிந்தது. ஆட்சியாளர் மறுத்தனர். 2017இல் ராக்கைன் மாநிலத்தில் நிகழ்ந்தவற்றையும் ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் அவையின் உண்மையறியும் குழு, 2019இல் இக்கொடுமையை அப்படையின் நடவடிக்கைகளுக்கே உரிய அடையாளமாகக் குறித்தது. இடைப்பட்ட 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 445ஆம் பிரிவு முந்தைய படையாட்சியினருக்கு வழக்கிலிருந்து விலக்களித்தது. 352ஆம் பிரிவு, பணியமர்த்தத்தில் பாலின வேறுபாடு கூடாது என்று தொடங்கி, ஆடவருக்கே ஏற்ற பதவிகளில் ஆடவரை அமர்த்தத் தடையில்லை என்று முடிகிறது. எப்பதவிகள் அவை என்பதை அது சொல்லவில்லை.

வழக்குமன்றம் அடைபட்ட நிலையில்தான் பெண்கள் நகையை நாடினர். 2007இல் பிக்குகளின் போராட்டம் ஒடுக்கப்பட்டதும், தாய்லாந்தின் சியாங் மாய் நகரிலிருந்து இயங்கிய 'லன்னா ஆக்ஷன் ஃபார் பர்மா' என்னும் குழு, பெண்கள் தத்தம் உள்ளாடைகளைப் பர்மியத் தூதரகங்களுக்கு அஞ்சலில் அனுப்புமாறு அழைப்பு விடுத்தது. பர்மிய ஆடவனிடம் 'போன்' என்னும் ஆற்றல் பிறப்பிலேயே உறைவதாகவும், பெண்ணின் கீழாடையைத் தீண்டினாலோ அதன் அடியில் நடந்தாலோ அது குன்றுமெனவும் ஒரு நம்பிக்கை உண்டு. இதனால் பெண்களின் தமெய்ன் ஆடவர் துணியோடு சேர்த்துத் துவைக்கப்படுவதில்லை. வீட்டின் பின்புறத்தில் தாழ்வாகவே உலர்த்தப்படும். உள்ளாடையை மற்றத் துணிகளுக்கடியில் மறைத்து உலர்த்தும் தமிழ் வீடுகளுக்கு இவ்வொழுக்கம் அவ்வளவு அயலானதன்று.

2021 பிப்ரவரி 1 அன்று படை ஆட்சியைக் கைப்பற்றியபின், யாங்கோன் மக்கள் இரவு 8 மணிக்கு வீட்டு ஏனங்களைத் தட்டி ஒலியெழுப்பினர். தீய ஆவிகளை விரட்டும் பழைய முறை அது. மார்ச்சுத் தொடக்கத்தில், அலோனை அடுத்த சாஞ்சவுங்கிலும் நகரின் பிற பகுதிகளிலும், பின்புறத்துத் தமெய்ன் தெருவின் குறுக்கே தலைக்கு மேல் ஏறியது. துப்பாக்கியேந்தி வந்தோர் கொடியின் அடியில் நுழையத் தயங்கி, அதனை அகற்றிய பின்னரே கடந்ததைக் காட்டும் படங்கள் பரவின. அகற்ற ஆகும் நேரம் போராடியோருக்கு ஓடி மறையும் நேரமாயிற்று. பழிகரப்பின் திறம் இங்கே விளங்குகிறது. கொடியைக் கட்டிய பெண் எவரையும் இழித்துரைக்கவில்லை. படைவீரன் நின்று அண்ணாந்து பார்க்கும் கணத்தில், ஊரெரிக்க அஞ்சாதவன் ஒரு துணிக்கு அஞ்சுகிறான் என்னும் வசையைத் தானே நடித்துக் காட்டுகிறான். மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்களுள் முதலாவதாக வைக்கும் எள்ளல், எள்ளப்படுவோனின் உடல்வழியே வெளிப்பட்டது.

தமிழில் துணி உலர்த்தும் கயிறும் கொடி. படை ஏந்தும் சின்னமும் கொடி. யாங்கோனில் இவ்விரு பொருளும் சில நாட்களுக்குள் ஒன்றாயின. அனைத்துலக மகளிர் நாளான மார்ச்சு 8 அன்று பெண்கள் தமெய்னைக் கோலிற் கட்டிக் கொடியாக ஏந்தி நடந்தனர். இளைஞர் சிலர் அதனைத் தலையில் கட்டிக்கொண்டனர்.

இம்முறைக்கு எழக்கூடிய வலிய தடை ஒன்றுண்டு: நம்பிக்கையைக் கருவியாக்குவோர் அந்நம்பிக்கைக்கே உயிரூட்டவில்லையா? பெண்ணுடல் தீட்டு என்பதைத் தெருவுக்குத் தெரு அறிவித்ததாகாதா? 2007ஆம் ஆண்டு அஞ்சல் இயக்கத்தைப் பொறுத்தவரை இத்தடைக்கு வலுவுண்டு. நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் தளபதிகளின் மூடநம்பிக்கையை நோக்கிச் சிரித்த சிரிப்பில், உள்நாட்டுப் பெண்ணின் அன்றாடத் தாழ்வு மாறாமலே இருந்தது. 2021ஆம் ஆண்டு நிகழ்வு வேறுபடுவது தலையில் தமெய்ன் கட்டிய இளைஞர்களால் எனலாம். நம்பிக்கையைத் துறந்தோன் அடியில் நடக்கிறான், தலையிலும் அணிகிறான். துறவாதோன் மட்டுமே நிற்க வேண்டியவனாகிறான். 1930களில் பெண்ணின் ஆடையை நோக்கிப் பாய்ந்த நகை, அவ்வாடையிலிருந்து புறப்பட்டு அதிகாரத்தை நோக்கித் திரும்பியது. மணிப்பூர்த் தலைநகர் இம்பாலில் 2004 சூலை 15 அன்று, தாங்ஜம் மனோரமா கொலையுண்டதை எதிர்த்து அசாம் ரைபிள்சு தலைமையகத்தின் முன் ஆடை களைந்து நின்ற பன்னிரு தாய்மாரின் செயலில் நகை இல்லை. எனினும் நாணத்தைப் பெண்ணிடமிருந்து பெயர்த்துக் குற்றவாளியிடம் சேர்க்கும் உத்தி இரண்டிற்கும் பொது.

அங்கதத்தின் எல்லையும் அந்த மகளிர் நாளிலேயே வெளிப்பட்டது. மார்ச்சு 8 மாலை, தமெய்ன் கொடிகள் கட்டியிருந்த சாஞ்சவுங்கின் சில தெருக்களைப் படையினர் இருபுறமும் அடைத்தனர். ஏறத்தாழ 200 பேர் உள்ளே சிக்கினர். முன்பின் அறியாதவர்களைக் குடியிருப்போர் தம் வீடுகளுக்குள் ஒளித்து வைத்தனர். படையினர் வீடு வீடாகத் தேடிப் பலரைப் பிடித்தனர். ஊரடங்கை மீறிப் பிற பகுதி மக்கள் தெருவுக்கு வந்து முழக்கமிட்டனர். ஐக்கிய நாடுகள் அவை சிக்கியோரை விடுமாறு கோரியது. விடியலில் படை விலக, மறைந்திருந்தோர் வெளியேறினர். அவ்வாண்டில் காவலில் வைக்கப்பட்ட பெண்கள் அடைந்த பாலியல் துன்புறுத்தலை மனித உரிமை அமைப்புகள் பின்னர்ப் பதிந்தன. கொடி தெருவில் இருந்தது. உசாவல் அறைகளுக்குள் அது இல்லை.